திரும்பத் தெரிந்த சக்கரம்

பூதப்பாண்டி பூதலிங்கசுவாமி கோயிலில் தைத் திருவிழாவுக்குத் தேர் ஓடும். எல்லார் கண்ணும் வடத்தின் மேல்தான் இருக்கும். ஆனால் தேரை உண்மையில் ஓட்டுகிறவர்கள், சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவர்கள். தேருக்கு நேரே போக மட்டும்தான் தெரியும். வீதி முக்கில் திருப்ப வேண்டுமானால் ஒரு பக்கச் சக்கரத்தைக் கட்டையால் தடுத்து, மறுபக்கத்தை முன்னே விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வளைக்க முடியும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டிலைத் தள்ளுகிறவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. கட்டிலும் நோயாளியும் இணைத்த கருவிகளுமாக 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சக்கரமில்லாமல் தரையில் இழுத்தால், பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 100 கிலோ அளவு விசை கேட்கும். நல்ல சக்கரம் இருந்தால் வழவழப்பான தரையில் 3 முதல் 6 கிலோ போதும். நகரத் தொடங்கும் கணத்தில் மட்டும் இதைவிடக் கூடுதலாகத் தள்ள வேண்டும்.

திருப்பும் வேலையை யார் செய்கிறார்கள்? யாருமில்லை. கட்டில் காலில் இருக்கும் காஸ்டர் சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். அது சுழலும் குத்தச்சுக்கு நேர் கீழே சக்கரம் இருக்காது, சற்று விலகி இருக்கும். கட்டிலைத் தள்ளியதும் தரையின் உராய்வு சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. அது குத்தச்சின் பின்னால் போய் ஒழுங்காக நின்றுகொள்கிறது. எந்தத் திசையில் தள்ளினாலும் அந்தத் திசைக்கே. பின்னோக்கி இழுத்தால் நான்கு சக்கரமும் அரைவட்டம் அடித்து மாறும். அப்போதுதான் கட்டில் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டும்.

இந்தச் சுதந்திரமே தொல்லையும்கூட. நான்கும் தன்னிஷ்டத்துக்குத் திரும்பினால், நீண்ட வராந்தாவில் கட்டில் சுவரை நோக்கிச் சரியும். அதனால் நல்ல கட்டில்களில் கால்மிதிக்கு மூன்று நிலை வைத்திருக்கிறார்கள்: முழுப் பூட்டு, முழு விடுதலை, ஒரு சக்கரத்தை மட்டும் நேராக நிறுத்தும் நிலை. மூன்றாவதுதான் வராந்தாவுக்கு உகந்தது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன்.

லிஃப்ட் வாசலில் கதை மாறும். அங்கே 1 செ.மீ. மேடு இருந்தாலே போதும். 10 செ.மீ. விட்டமுள்ள கெட்டிச் சக்கரத்தை மெல்லத் தள்ளி அதில் ஏற்ற, அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கும் பாரத்தில் முக்கால் பங்கு விசை வேண்டும். 20 செ.மீ. சக்கரமென்றால் பாதிக்கும் குறைவு. சாய்தளமும் லேசுப்பட்டதல்ல. 12 அடிக்கு 1 அடி ஏறும் சரிவில் அதே 300 கிலோ கட்டிலுக்கு, உராய்வே இல்லாவிட்டாலும் 25 கிலோ விசை வேண்டும். இறங்கும்போது அதே 25 கிலோவைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஒற்றை ஆளை அனுப்புவது தவறு.

கட்டிலைவிட ஆபத்தானது ஆக்ஸிஜன் சிலிண்டர். பெரியது ஏறத்தாழ 60 கிலோ. ஓர் ஆண் கையால் தூக்கிச் செல்லும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. ஆகவே நம் ஊழியர்கள் அதைத் தூக்குவதில்லை. சாய்த்து, அடிவிளிம்பில் உருட்டிக்கொண்டு போவார்கள். பார்க்க அழகான வித்தைதான். ஆனால் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த, ஒரு சாண் அகல அடிப்பாகம் கொண்ட அந்த உருளை 10 டிகிரி அளவு சாய்ந்தாலே விழத் தொடங்கிவிடும். உள்ளே காற்றழுத்தத்தைப் போல 150 மடங்கு அழுத்தம். விழுந்து வால்வு உடைந்தால், அந்த வாயு ஒரு பக்கம் பீறிட, சிலிண்டர் மறுபக்கம் பாயும். மகேந்திரகிரியில் ராக்கெட் இயந்திரங்களைச் சோதிக்கிறார்களே, அதே தத்துவம். இரண்டு சக்கரமும் ஒரு சங்கிலியும் உள்ள சிலிண்டர் டிராலியில் முக்கியமான உறுப்பு எது என்று கேட்டால், சங்கிலி என்பேன்.

அந்த டிராலிக்கும் ஓர் எல்லை உண்டு. 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், எம்.ஆர்.ஐ. அறைக்குள் ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கொண்டுபோன இளைஞர், காந்தம் அதை இழுத்த வேகத்தில் அகப்பட்டு உயிரிழந்தார். அந்தக் காந்தம் ஸ்கேன் ஓடாத நேரத்திலும் உறங்குவதில்லை. அதனால்தான் அந்த அறைக்கென்று அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்த ஸ்ட்ரெச்சர், சக்கர நாற்காலி, சிலிண்டர் எல்லாம் தனியாக உண்டு.

ஆபரேஷன் தியேட்டர் சக்கரங்களுக்கு இன்னொரு சரித்திரம். ஈதரை மயக்க மருந்தாகக் கொடுத்த காலத்தில் ஒரு சிறு நிலைமின் பொறி பட்டால் அறையே பற்றிக்கொள்ளும். உருளும் ரப்பர் சக்கரம் மின்னூட்டத்தைச் சேர்க்கும். அதனால் ரப்பரில் கரித்தூள் கலந்து, மின்னூட்டம் தரைக்கு இறங்க வழி செய்தார்கள். ஈதர் போய்விட்டது. மின்னணுக் கருவிகளைக் காக்க அந்த வகைச் சக்கரம் இன்றும் பல கட்டில்களில் ஒன்றாவது இருக்கிறது.

இத்தனை நுட்பத்தையும் தோற்கடிக்க ஒரு தலைமுடி போதும். முடியும் பேண்டேஜ் நூலும் அச்சில் சுற்றிச் சுற்றி இறுகினால் சக்கரம் உருளாது, இழுபடும். முதலில் சொன்ன 100 கிலோ கணக்கை நோக்கி அது மெல்லத் திரும்பும். கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து ஒரு சொட்டு எண்ணெய் விடச் சில நிமிடம் ஆகும். கருவி வாங்கும் பட்டியலில் டிராலிக்கு இடமிருக்கிறது; இந்தச் சில நிமிட வேலையைப் பல இடங்களில் யார் பேரிலும் எழுதிவைப்பதில்லை.