பெல்ட் கவருக்குள் இவ்வளவு கூத்தா!

பானெட்டைத் தூக்கியாயிற்று. ரேடியேட்டரை இறக்கிச் சுவரோரம் சாய்த்தாயிற்று. இத்தாலியின் டூரின் நகரத்தில், பழைய கார்களைச் சீர்செய்யும் ஒரு பட்டறையின் பின்கட்டில், 1970களின் ஃபியட் 124 ஸ்பைடர் ஒன்று முகம் திறந்து நிற்கிறது. இந்த வண்டி கண்ணில் பட்டால் எல்லோரும் ஓடிப் போய்ப் படம் எடுப்பது வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினா கொடுத்த வளைவுகளைத்தான். அதெல்லாம் அப்புறம்! நமக்கு இப்போது வேண்டியது எஞ்சினின் முன்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. டைமிங் பெல்ட் கவர். கிராங்க்ஷாஃப்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டுகளுக்குக் கொண்டுபோகும் பல் பெல்ட்டின் மூடி. இன்று அதைக் கழற்றி, அந்த இடத்தில் புதிதாக ஒன்றை மாட்டப் போகிறார்கள்.

ஒரு மூடிக்கு இவ்வளவு ஆரவாரமா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், இவ்வளவும் தகும். நம் ஊர்க்காரர்களுக்கு ஃபியட் என்றால் பிரீமியர் பத்மினிதான் நினைவுக்கு வரும். அதில் இருந்தது டைமிங் செயின். செயினுக்கு எண்ணெய் வேண்டும். உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே கசியாமல் பார்த்துக்கொள்வது அதன் கவரின் வேலை. பெல்ட் விஷயம் தலைகீழ். ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, மண் ஆகாது, ரோட்டிலிருந்து தெறிக்கும் ஒரு சிறு கல் சுத்தமாக ஆகாது. வெளியே இருப்பது எதுவும் உள்ளே வரக் கூடாது என்று காவல் காப்பதுதான் பெல்ட் கவர்.

இந்தப் பல் பெல்ட்டின் பூர்வீகம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 1940களில் அமெரிக்காவின் கில்மர் நிறுவனம் சிங்கர் தையல் மெஷினுக்காக உருவாக்கியது! 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார் அதை எஞ்சினுக்குள் கொண்டுவந்தது. 1966 டூரின் மோட்டார் ஷோவில் வந்த 124 ஸ்பைடரில் ஃபியட் அதை இரட்டை கேம்ஷாஃப்டுக்கு மாட்டியது. அந்த எஞ்சினை வடிவமைத்தவர் அவுரேலியோ லாம்ப்ரெடி. 1951இல் சில்வர்ஸ்டோனில் ஃபெராரிக்கு முதல் உலக சாம்பியன்ஷிப் பந்தய வெற்றியைத் தந்த 4.5 லிட்டர் எஞ்சினும் இவர் கைவேலைதான். அப்படிப்பட்டவர், ஆபீசுக்குப் போகிறவர்கள் வாங்கக்கூடிய காருக்கு இப்படியொரு எஞ்சினைச் செய்து கொடுத்தார். இதே குடும்பத்தின் எஞ்சின்தான் பின்னாளில் லான்சியா டெல்டாவுக்குள் புகுந்து, 1987 முதல் 1992 வரை ஆண்டு தவறாமல் உலக ராலி தயாரிப்பாளர் பட்டத்தை அள்ளியது.

சரி, ஸ்பேனர் சத்தம் கேட்கிறது. கிராங்க் புல்லியைப் பிடித்திருக்கும் 38 மி.மீ. நட்டு முதலில் முரண்டு பிடிக்கிறது. நீளமான கம்பி போட்டு ஒரு அழுத்து, படக்கென்று இளகுகிறது. கவரின் போல்ட்டுகள் ஒவ்வொன்றாக வருகின்றன. கவர் கையோடு வந்துவிட்டது!

அடடா, உள்ளே பாருங்கள். மேலே கண்கள் மாதிரி இரண்டு கேம் புல்லிகள். கீழே கிராங்கின் பல் புல்லி. பக்கத்தில் எண்ணெய் பம்பைச் சுழற்றும் துணை ஷாஃப்டின் புல்லி, அதற்கு எதிரில் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். எல்லாவற்றையும் ஒரே பெல்ட் சுற்றி வளைத்திருக்கிறது. இந்தப் பெல்ட் பல் தாண்டினால் வால்வும் வால்வும் முட்டி வளைந்துவிடலாம். 1756, 1995 சிசி எஞ்சின்களில் இன்னொரு கண்ணியும் உண்டு: துணை ஷாஃப்டை ஏனோதானோவென்று விட்டுவிட்டால், பெட்ரோல் பம்பைத் தள்ளும் அதன் மேடு கனெக்டிங் ராடில் போய் இடிக்கும்.

கழற்றிய கவரைத் திருப்பினால் ஒரு துப்பு கிடைக்கிறது. உட்புறம் ஓரமாக, விரல் நீளத்துக்கு, பளபளவென்று தேய்ந்த கோடு. வெப்பத்தில் பிளாஸ்டிக் கோணிப்போய், பெல்ட்டின் விளிம்பு அதில் உரசியிருக்கிறது. மூலையில் கறுப்பு மாவாக ரப்பர்த் தூள். போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல். இதை மறுபடி மாட்டுவது பெல்ட்டுக்குச் செய்யும் துரோகம்.

கவரே வேண்டாம் என்று தூக்கி எறிகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. கல் பயம் ஒருபுறம் இருக்கட்டும்; இந்தக் கவரின் விளிம்பில்தான் இக்னிஷன் டைமிங் பார்க்கும் 0, 5, 10 டிகிரி கோடுகள் இருக்கின்றன! கவர் போனால் அளவுகோலும் போச்சு.

பட்டறைக்காரர்கள் செய்வது இரண்டு வேலை. தினசரி ஓட்டத்துக்கு, நல்ல நிலையில் கிடைத்த இன்னொரு பழைய கவரைக் குறுக்கே இரண்டாக அறுத்துவிடுகிறார்கள். கீழ்த்துண்டு கோடுகளோடு அப்படியே நிற்கும். மேல்துண்டை மட்டும் கழற்றினால் பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளலாம், 38 நட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 3டி பிரிண்டரில் அடித்துக்கொள்வதும் நடக்கிறது, ஆனால் பிஎல்ஏ பிளாஸ்டிக் கூடாது. அது 60 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும்.

இரண்டாவது வேலைதான் திருவிழா. கண்காட்சிக்காகக் கண்ணாடி போன்ற கவர்! அக்ரிலிக் சட்டென்று விரிசல் விடும் என்பதால் பாலிகார்பனேட் தகடு. முதலில் அதை 120 டிகிரி அடுப்பில் மணிக்கணக்கில் உலர்த்துகிறார்கள். ஈரம் இருந்தால் தகடு முழுக்கக் குமிழி கிளம்பும். பிறகு சூட்டை ஏற்றுகிறார்கள். அனலில் வாட்டிய வாழையிலையாகத் தகடு துவள்கிறது. மர அச்சின்மேல் போட்டு, அடியிலிருந்து காற்றை உறிஞ்சியதும், ஒரே மூச்சில் கவரின் உருவம்! துளைகளைப் போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாகப் போடுகிறார்கள், சூட்டில் விரிய இடம் வேண்டுமே. டிகிரி கோடுகளைக் கீறிச் சிவப்பு மை பூசுகிறார்கள். பெட்ரோல் துணியால் மட்டும் துடைக்கக் கூடாதாம்; மெல்லிய விரிசல் ஓடிவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

இதற்குள் புதுப் பெல்ட் ஏறிவிட்டது. எஞ்சினை அது ஓடும் திசையிலேயே கையால் இரண்டு சுற்று சுற்றி, குறிகள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்து, டென்ஷனர் நட்டை இறுக்குகிறார்கள். தெளிந்த கவர் உட்காருகிறது. ரேடியேட்டரை ஏற்றி, தண்ணீர் ஊற்றியாயிற்று. சாவியைத் திருப்பு!

எல்லாம் ஒரே மங்கலாகச் சுழல்கிறது. ஒருவர் ஸ்ட்ரோப் விளக்கை முதல் சிலிண்டரின் பிளக் வயரில் கவ்வ வைத்து, ஃபேனுக்குப் பக்கவாட்டிலிருந்து கவருக்கு நேரே பிடிக்கிறார். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதற்குள் அந்தப் பிளக் ஒரு முறைதான் பொறி விடும்; விளக்கும் அதே தாளத்துக்கு ஒரு முறை மின்னுகிறது. ஆகவே புல்லிகள் சுழன்றுகொண்டே அசையாமல் நிற்கின்றன! பல் எண்ணலாம், குறி பார்க்கலாம், பெல்ட்டின் நீண்ட பக்கம் அதிர்வதைக்கூடப் பார்க்கலாம். கறுப்புக் கவரில் கிராங்கின் குறி ஒன்றுதான் தெரியும். இப்போது ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் ஸ்பார்க் முந்துகிறது, கிராங்கின் குறி நகர்கிறது, கேம்களின் குறியும் அதில் சரிபாதி நகர்கிறது. கணக்கு கண்ணெதிரே நடக்கிறது! விளக்குக்கு அடிபிடி. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் ஏத்து!" என்று கத்தாத ஆளே பட்டறையில் இல்லை.