தங்கப் படலத்தின் மேற்பரப்பும் மூலக்கூறுகளின் அணிவகுப்பும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. சுவர் இருப்பது மட்டும் போதாது, அது செப்பமாகவும் இருத்தல் வேண்டும் என்பதை இக்கால நுண்பொருள் விஞ்ஞானம் மெய்ப்பித்து வருகின்றது.

கந்தகம் கொண்ட கரிமக் கூட்டுப் பொருள்கள் தங்கத்தின்மீது தாமாகவே ஒழுங்குபடப் படிகின்றன என்பதை 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரால்ஃப் நுஸோ, டேவிட் அல்லாரா என்னும் விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினர். இவ்வகையில் பெரிதும் ஆராயப்பட்டவை தயோல்கள் எனப்படும் பொருள்கள். தயோல் மூலக்கூறின் தலையில் கந்தக அணுவும், அதன் பின்னே நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலியும் அமைந்துள்ளன. தயோல் கலந்த சாராயக் கரைசலில் தங்கப் படலத்தை அமிழ்த்தினால், சில நிமிடங்களுக்குள் கந்தகத் தலைகள் தங்கத்தைப் பற்றிக்கொள்கின்றன. ஆயினும் சங்கிலிகள் வரிசையாக நிமிர்ந்து ஒழுங்குபெறப் பல மணி நேரம் ஆகின்றது.

இவ்வொழுங்கை வகுப்பது தங்கத்தின் அணு அமைப்பே ஆகும். தங்கத்தின் மிக நெருக்கமான முகத்தில் அணுக்கள் முக்கோண வரிசையில் 0.288 நானோமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. கந்தகத் தலைகளோ ஏறத்தாழ 0.5 நானோமீட்டர் இடைவெளியில் அமர்கின்றன. இவ்விடைவெளி சங்கிலிகளுக்குச் சற்று அதிகம். ஆதலின் அவை ஒன்றையொன்று நெருங்கும்பொருட்டு ஏறக்குறைய 30 பாகை சாய்கின்றன. வெள்ளியின்மீது தலைகள் இன்னும் நெருக்கமாக அமர்வதால் சாய்வு வெகுவாகக் குறைகின்றது.

இது குறையற்ற பரப்பைப் பற்றிய செய்தி. வெற்றிடத்தில் தங்கத்தை ஆவியாக்கிக் கண்ணாடியின்மீது படியச் செய்தால், சிறுசிறு மணிகள் நெருங்கிய பரப்பே கிட்டுகின்றது. மணிகளுக்கிடையே உள்ள பள்ளங்களில் சங்கிலிகளின் வரிசை குலைகின்றது. இம்மெல்லிய போர்வையை மின்காப்பாகப் பயன்படுத்துங்கால், அவ்விடங்களில் மின்சாரம் கசிந்து கருவியே பழுதாகிவிடும்.

இக்குறையைப் போக்க எளிய உபாயம் ஒன்று உண்டு. சமதளமான அப்பிரகத்தின்மீது தங்கத்தைப் படியச் செய்து, மேற்புறத்தில் வேறொரு தாங்கியை ஒட்டி, பின்னர் அப்பிரகத்தினின்றும் உரித்தெடுக்கின்றனர். அப்பிரகத்தைத் தொட்டிருந்த முகம் அதைப் போலவே வழவழப்பாக விளங்குகின்றது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர் 2007ஆம் ஆண்டில் சொரசொரப்பான வெள்ளிப் படலத்தையும், இவ்வாறு உரித்தெடுத்த வழவழப்பான வெள்ளிப் படலத்தையும் ஒப்பிட்டனர். பாதரசத் துளியைத் தொடுவாயாகக் கொண்ட அச்சோதனையில், வழவழப்பான படலத்தின்மீது அமைந்த இணைப்புகளே பெரும்பாலும் பழுதின்றி இயங்கின.

நுண்துகள்களில் நிலைமை இன்னும் வியப்புக்குரியது. உருண்டையான துகளின் முனைகளிலும் விளிம்புகளிலும் சங்கிலிகள் விசிறிபோல் விரிவதால், அவற்றின் நுனிகளுக்கிடையே இடம் மிகுகின்றது. ரோஜர் கார்ன்பெர்க் குழுவினர் 2007ஆம் ஆண்டில் 102 தங்க அணுக்களும் 44 தயோல் மூலக்கூறுகளும் கொண்ட துகளின் அமைப்பைக் கண்டறிந்தனர். அதில் மேற்பரப்புத் தங்க அணுக்கள் சில தம் இடம்விட்டு வெளியே வந்து, இரண்டு கந்தக அணுக்களுக்கிடையே பாலமாக நிற்கக் காணப்பட்டன. உலோகம் மூலக்கூறுகளை ஒழுங்குபடுத்துவதுபோலவே, மூலக்கூறுகளும் உலோகத்தின் மேற்பரப்பை மாற்றியமைக்கின்றன என்பது இதனால் தெளிவாகின்றது.

எனவே இத்தகைய போர்வையைக் கொண்டு உணர்கருவியோ மின்கருவியோ செய்ய முற்படுவோர், மூலக்கூறைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையை அதைத் தாங்கும் உலோகப் பரப்பைப் பண்படுத்துவதிலும் காட்டுதல் இன்றியமையாதது.