சைக்கிள் வீரரும் அமெரிக்கப் பிரஜாவுரிமையும்

எடமலைப்பட்டி புதூரிலிருந்து திருச்சிக்குத் தினமும் சைக்கிள் மிதிக்கும் நம் வாலிபர்கள், ஆதி ஹகீம், ஜால் பாபாஸோலா, ரஸ்தம் பும்காரா என்ற பம்பாய்ப் பார்ஸி வாலிபர்களை அறிந்துகொள்வது நலம். 1923-ம் வருஷம் அக்டோபரில் சைக்கிளேறிய அறுவரில், உலகைச் சுற்றி 1928-ல் தாய்நாடு திரும்பியவர் இம்மூவரே. சுமார் 44,000 மைல்! அவர்களது யாத்திரை நூலுக்கு ஜவஹர்லால் நேரு முன்னுரை அளித்தார்.

அமெரிக்காவையும் கரைக்குக் கரை மிதித்தே கடந்தனர். அறுவரில் ஒருவரான குஸ்தாத் ஹாதிராம் அந்நாட்டிலேயே தங்கிவிட்டார். சட்டம் பயின்ற நம் மனம் இவரிடமே நிற்கிறது. அவர்கள் புறப்பட்ட அதே 1923-ல், பிப்ரவரி மாதம், பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே பிரஜையாக இயலாது என்று தீர்ப்பளித்திருந்தது. திந்தோ அமெரிக்கப் பட்டாளத்தில் சேவை செய்தவர்!

பார்ஸிகள் விஷயம் இன்னும் விநோதம். 1910-ல் ஒரு பார்ஸியை வெள்ளையரென்று ஏற்ற நியூயார்க் அப்பீல் கோர்ட், 1939-ல் மற்றொரு பார்ஸியை அல்லரென்று தள்ளியது. இடையில் பார்ஸிகளின் நிறம் மாறியதாகத் தகவலில்லை. வழிப்போக்கனுக்கு விருந்திடுவது வேறு, அவனுக்கு வோட்டுரிமை தருவது வேறு போலும். இந்தியருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 1946-ல்தான் பிறந்தது. புதிதாய்க் குடியேற அதில் கிடைத்த அனுமதியோ வருஷத்துக்குச் சுமார் நூறு பேருக்கே.