உடலுக்கு வெளியே ஒரு நுரையீரல்!

ஏற்காட்டில் ஒண்டிக்கடைச் சந்திப்பு. ஏரியைப் பார்த்துவிட்டு மேட்டில் நடந்து வருகிறவர்கள் அங்கே சற்று நின்று மூச்சு வாங்குவது சகஜம். மலை சுமார் 5 ஆயிரம் அடி உயரம் அல்லவா? கடற்கரை ஊர்களில் கிடைப்பதைவிட அங்கே ஒவ்வொரு மூச்சிலும் பிராண வாயு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆனாலும் நல்ல நுரையீரல் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. கூடுதலாக இரண்டு மூச்சு இழுத்துக் கணக்கைச் சரி செய்து கொள்கிறது.

கொரோனா முற்றிய நோயாளியின் கதை வேறு. அவர் சமவெளியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் படுத்திருப்பார். கலப்பில்லாத பிராண வாயுவைக் குழாய் வழியாகக் கொடுப்பார்கள். அப்படியும் அது ரத்தத்தில் போய்ச் சேராது. வாசல் வரை நெல் வந்துவிட்டது; ஆனால் களஞ்சியத்தின் கதவு திறக்கவில்லை!

இந்த நிலைக்குப் போனவர்கள் பிழைக்க முடியுமா? முடியும். எல்லோரும் அல்ல, ஆனால் பலர் பிழைத்து வீடு திரும்பினார்கள். அவர்களுக்குக் கை கொடுத்தது 'எக்மோ' என்னும் செயற்கை நுரையீரல்.

ரத்தம் வெளியே போய் வருகிறது

தமிழ்நாட்டில் இந்தப் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது 2016 டிசம்பரில். முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு இருதயத் துடிப்பு நின்றபோது எக்மோ பொருத்தப்பட்டது. அது இருதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் தாங்கும் முறை. கொரோனா நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இருதயம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர்களுக்கு நுரையீரலின் வேலையை மட்டும் செய்தால் போதும்.

வெண்டிலேட்டர் என்பது வேறு; எக்மோ என்பது வேறு. வெண்டிலேட்டர், நோயுற்ற நுரையீரலுக்குள்ளேயே காற்றை அழுத்தி அனுப்புகிறது. எக்மோ நுரையீரலை நம்பியே இருப்பதில்லை. தொடையிலோ கழுத்திலோ உள்ள பெரிய ரத்தக் குழாயில் விரல் பருமனுள்ள குழாயைச் செருகி, கறுத்த ரத்தத்தை வெளியே இழுக்கிறது. நிமிஷத்துக்கு 4 அல்லது 5 லிட்டர் ரத்தம்! ஒரு மனிதனின் உடலில் உள்ள ரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

வெளியே வந்த ரத்தம் ஒரு பெட்டிக்குள் போகிறது. அதில் மயிரிழை போன்ற மெல்லிய குழாய்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. குழாய்களுக்குள்ளே பிராண வாயு, வெளியே ரத்தம். ரத்தம் பிராண வாயுவை வாங்கிக்கொண்டு கரியமில வாயுவைக் கொடுத்துவிடுகிறது. செக்கச் செவேலென்று மாறி, உடலின் சூட்டுக்கு இதமாக்கப்பட்டு, மீண்டும் உள்ளே போகிறது.

அதுவரை நுரையீரல் என்ன செய்கிறது? ஓய்வு எடுக்கிறது! இதுதான் சங்கதி. எக்மோ நோயைக் குணப்படுத்தும் மருந்து அல்ல. கிருமியைக் கொல்வதும் இல்லை. நுரையீரல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ள அவகாசம் கொடுக்கிறது. அவ்வளவே.

ஓர் இரவில் பிறந்த எண்ணம்

இந்த யந்திரத்துக்கு மூலம் 1931ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கழிந்த ஓர் இரவு. ஜான் கிப்பன் என்ற இளம் டாக்டர், நுரையீரல் ரத்தக் குழாய் அடைபட்டுத் துடித்த ஒரு பெண்ணின் பக்கத்தில் விடிய விடியக் காவல் இருந்தார். அவள் பிழைக்கவில்லை. 'இந்த ரத்தத்தைச் சிறிது நேரம் வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்ப முடிந்தால்?' என்ற எண்ணம் அவரை விடவில்லை. 22 வருஷம் பாடுபட்டார். 1953 மே 6ந் தேதி, அவர் அமைத்த யந்திரத்தின் துணையோடு ஓர் இளம் பெண்ணின் இருதயத்தில் ஆபரேஷன் வெற்றியாக முடிந்தது.

ஆனால் அது ஆபரேஷன் நேரத்துக்கு மட்டுமே உதவியது. நாள் கணக்கில் ஓடும் யந்திரத்துக்கு வழி கண்டவர்களில் முதன்மையானவர் ராபர்ட் பார்ட்லெட். 1975ல் கலிபோர்னியாவில், மூச்சு விட முடியாத ஒரு பச்சைக் குழந்தையை இம்முறையில் காப்பாற்றினார். குழந்தைக்கு நர்சுகள் 'எஸ்பெரான்சா' என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் 'நம்பிக்கை' என்று பொருள். அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவளானாள்.

அந்த வெள்ளிக்கிழமை

2020 செப்டம்பர் 25ந் தேதி, வெள்ளிக்கிழமை. தமிழகத்தைக் கலங்க வைத்த நாள் அது. 74 வயதுப் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் சென்னையில் காலமானார். ஆகஸ்டு 5ந் தேதி எம்.ஜி.எம். ஹெல்த்கேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அவர், வாரக்கணக்கில் எக்மோவின் துணையோடு இருந்தார். செப்டம்பர் முதல் வாரத்திலேயே கொரோனாக் கிருமி நீங்கிவிட்டது என்று செய்தி வந்தது. கிருமி போய்விட்டது, ஆனால் அது விட்டுப் போன காயம் ஆறவில்லை.

'அப்படியானால் எக்மோ போட்டால் அவ்வளவுதானா?' என்று பலர் கேட்டார்கள். அதற்குப் பதில் அதே நாளில் வெளிவந்தது! லண்டனின் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில், 36 நாடுகளைச் சேர்ந்த 213 ஆஸ்பத்திரிகளில் எக்மோ பொருத்தப்பட்ட 1,035 கொரோனா நோயாளிகளின் கணக்கு பிரசுரமாயிற்று. 90 நாட்களுக்குள் ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள் 100க்கு 37 பேர் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அதாவது, கைவிடப்பட்ட நிலைக்கு அருகில் போனவர்களில் பத்துக்கு ஆறு பேர் யமன் வாசலிலிருந்து திரும்பினார்கள்.

நுரையீரல் ஆறவே ஆறாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அதே சென்னை ஆஸ்பத்திரியில், அதே ஆண்டு ஆகஸ்டு 27ந் தேதி, எக்மோவில் இருந்த ஒரு கொரோனா நோயாளிக்கு இரண்டு நுரையீரல்களையும் மாற்றிப் பொருத்தினார்கள்.

கணக்கு மாறியது

ஆயினும் அடுத்த ஆண்டு வந்த கணக்கு எச்சரிக்கை செய்தது. 41 நாடுகளின் 4,812 நோயாளிகளைப் பார்த்ததில், 2020 மே 1ந் தேதிக்குப் பின், கொரோனாவுக்கு எக்மோவைத் தொடக்கத்திலேயே பயன்படுத்திய ஆஸ்பத்திரிகளிலும் சாவு 100க்கு 52 ஆகியிருந்தது. கொரோனாவுக்கு எக்மோவைப் பிந்தித் தொடங்கிய ஆஸ்பத்திரிகளிலோ 59.

யந்திரம் ஒன்றுதான். அதைச் சுற்றி நிற்கும் கைகள்தான் வேறு. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுக்க வேண்டும்; கொடுத்தால் எங்காவது ரத்தம் கசியலாம். இரவு பகல் கண் இமைக்காமல் நர்சு பக்கத்தில் இருக்க வேண்டும். யந்திரத்தை ஓட்டத் தேர்ந்தவர் வேண்டும். செலவோ லட்சக்கணக்கில்! அதனால்தான் யாருக்குப் பொருத்தினால் பலன் உண்டு என்று டாக்டர்கள் ஒன்றுக்குப் பத்து முறை யோசிக்கிறார்கள்.

மலையில் இருப்பவருக்கு?

ஒண்டிக்கடைக்கு அப்பால் காப்பித் தோட்டங்களுக்கு இடையே வாழும் கூலித் தொழிலாளிக்கு மூச்சு முட்டினால் என்ன செய்வது? சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அவருக்கு எக்மோ எட்டாத தொலைவு. ஆனால் அவர் உயிர் எக்மோவை மட்டும் நம்பி இல்லை.

கொரோனாவில் பெரும்பாலோரைக் காப்பாற்றியது எளிய சாதனங்களே. விரலில் மாட்டிப் பிராண வாயுவின் அளவைக் காட்டும் சிறு கருவி. குப்புறப் படுக்க வைக்கும் முறை. தக்க சமயத்தில் பிராண வாயு. 'டெக்சாமெதசோன்' என்ற மலிவான பழைய மருந்து, வெண்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று 2020 ஜூனில் இங்கிலாந்தில் தெரிய வந்தது. 2021 மே 20ந் தேதி சேலம் உருக்காலை வளாகத்தில் பிராண வாயு வசதியுடன் 500 படுக்கைகள் திறக்கப்பட்டன. மலைக்குக் கீழேயே கிடைத்த உதவி அது.

கொரோனா இன்னொரு தந்திரமும் செய்தது. பிராண வாயு குறைந்த பிறகும் சிலருக்கு மூச்சுத் திணறலே தெரியவில்லை. பேசிக்கொண்டே இருந்தார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டவர்களுக்கு அந்த நாளையே அரிதாகிவிட்டது.

எக்மோ அவகாசம் கொடுக்கும் யந்திரம் என்றால், அந்த அவகாசத்தின் முதல் மணி நேரம் நோயாளியின் வீட்டுத் திண்ணையில்தான் தொடங்குகிறது. மலையை விட்டு முதல் நாளே இறங்கியவருக்கு, பெரும்பாலும் யந்திரமே தேவைப்படவில்லை.