ரேடார் கண்ணுக்குத் தப்பும் போர்க்கப்பல்கள்: உடல் நம்முடையது, எஞ்சின் யாருடையது?

புது தில்லி: 1972-ம் ஆண்டு ஜூன் மாதம் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் நீலகிரி, மும்பை மஸகான் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. ஆனால் அதன் வடிவமைப்பு பிரிட்டனுடையது. அதே பெயரில், அதே தளத்தில் கட்டப்பட்ட புதிய நீலகிரியை 2025 ஜனவரி 15-ல் பிரதமர் நரேந்திர மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். இம்முறை வடிவமைத்தது கடற்படையின் போர்க்கப்பல் வடிவமைப்புப் பிரிவு. தமிழக மலையின் பெயரைத் தாங்கிய இவ்விரு கப்பல்களுக்கும் இடையில் நாடு கடந்து வந்த பாதை நீண்டது. அது இன்னும் முடிந்துவிடவில்லை.

மறைவது எப்படி?: "ஸ்டெல்த்' கப்பல் என்றால் கண்ணுக்கே தெரியாத கப்பல் என்று பொருளல்ல. பகைவரின் ரேடார் அனுப்பும் அலை, கப்பலின் செங்குத்தான பக்கங்களில் மோதி நேரே திரும்பும்போதுதான் கப்பல் இருக்குமிடம் தெரிகிறது. பக்கங்களைச் சாய்வாக அமைத்து, படகுகளையும் கருவிகளையும் மூடிய அறைகளுக்குள் வைத்தால், அலைகள் வேறு திசையில் சிதறும். ஆறாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பலும் ரேடார் திரையில் சிறு கலம் போலத் தோன்றும்.

வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணையை ஏமாற்ற, எஞ்சின் புகை குளிர்விக்கப்பட்டு வெளியேற்றப்படுகிறது. நீர்மூழ்கிகளின் காதுக்கு எட்டாதிருக்க, இயந்திரங்கள் அதிர்வைத் தாங்கும் பீடங்களின் மீது பொருத்தப்படுகின்றன. பகைவர் கண்டுபிடிக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவதே இவை அனைத்தின் நோக்கம். போரில் அந்தச் சில நிமிடங்களே வெற்றி தோல்வியை முடிவு செய்யக் கூடும்.

முதல் பாடம்: 2003-ல் சேர்ந்த ஐஎன்எஸ் தல்வார் இத்தகைய அம்சங்களைக் கொண்டிருந்தபோதிலும், அது ரஷியாவில் கட்டப்பட்டது. உள்நாட்டில் வடிவமைக்கப்பட்டுக் கட்டப்பட்ட முதல் ஸ்டெல்த் ஃபிரிகேட், "திட்டம் 17'-ன் கீழ் உருவான ஐஎன்எஸ் சிவாலிக். 2001-ல் கட்டுமானம் தொடங்கி, 2003-ல் நீரில் இறக்கப்பட்ட அக்கப்பல், 2010 ஏப்ரல் 29-ல்தான் கடற்படையில் சேர்ந்தது. அதனைத் தொடர்ந்து சத்புரா 2011-லும், சஹ்யாத்ரி 2012-லும் சேர்ந்தன.

இத்தாமதத்தைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) 2011-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில் கண்டித்தார். மூன்று கப்பல்களின் செலவு முதல் மதிப்பீட்டைவிட 260 சதவீதம் உயர்ந்ததாக அந்த அறிக்கை கூறியது. வடிவமைப்பு முழுமை பெறும் முன்பே கட்டுமானம் தொடங்கியது, போர்க்கப்பலுக்கான தனி எஃகு உரிய காலத்தில் கிடைக்காதது ஆகியவை முக்கியக் காரணங்கள். அந்நெருக்கடியில் பிறந்ததே டிஎம்ஆர் 249ஏ என்னும் உள்நாட்டு எஃகு. விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தும் பின்னர் இந்த எஃகைக் கொண்டே கட்டப்பட்டது.

வேகம் கூடியது: அடுத்த கட்டமான "திட்டம் 17ஏ'-வில் ஏழு கப்பல்கள். நான்கு மும்பையிலும், மூன்று கொல்கத்தா கார்டன் ரீச் தளத்திலும் கட்டுவதற்கு 2015-ல் ஒப்பந்தமானது. மொத்தச் செலவு சுமார் ரூ. 45,000 கோடி. தனித்தனிப் பகுதிகளாகக் கட்டி இணைக்கும் முறையால் காலம் குறைந்துள்ளது. சிவாலிக், நீரில் இறங்கியபின் கடற்படையில் சேர ஏழு ஆண்டுகள் ஆயின. நீலகிரிக்கு ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். 2022 மே மாதம் இறக்கப்பட்ட உதயகிரி, 2025 ஆகஸ்ட் 26-ல் ஹிமகிரியுடன் விசாகப்பட்டினத்தில் சேர்ந்தது; மூன்றேகால் ஆண்டுகள்தான். கடற்படையின் சொந்த வடிவமைப்பில் உருவான 100-வது கப்பல் உதயகிரி என்பது குறிப்பிடத்தக்கது.

இதயம் யாருடையது?: இக்கப்பல்களில் உள்நாட்டுப் பங்கு சுமார் 75 சதவீதம் என்கிறது அரசு. மீதியில்தான் சிக்கல். சிவாலிக் முதல் நீலகிரி வரை, வேகமாகச் செல்ல உதவும் எரிவாயுச் சுழலி எஞ்சின் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் வடிவமைப்பு. 2009-ல் வாஷிங்டனில் ஆட்சி மாறியபோது, மறுஆய்வு என்ற பெயரில் சிவாலிக் எஞ்சின் பணியை நிறுத்திவைக்குமாறு அந்நிறுவனத்துக்கு உத்தரவிடப்பட்டது. தடை நீண்ட நாள் நீடிக்கவில்லை. ஆயினும், மும்பையில் நிற்கும் கப்பலை வாஷிங்டனில் எழுதப்படும் ஒரு கடிதம் நிறுத்திவிட முடியும் என்பதை அது காட்டியது.

"காவேரி' எஞ்சினின் கடற்படை வடிவம் சுமார் 12 மெகாவாட் திறனோடு 2008-ல் சோதிக்கப்பட்டது. கப்பல்களில் உள்ள அமெரிக்க எஞ்சினோ 20 மெகாவாட்டுக்கும் மேல். எஃகு கிடைக்காதபோது எஃகை உருவாக்கிய நாடு, எஞ்சினுக்கு அதே முனைப்பைக் காட்டவில்லை. இனி கட்டப்படவுள்ள கப்பல்களுக்கு நிதி கோரி அரசு வரும்போது, எத்தனை கப்பல்கள் என்பதோடு, அவற்றை இயக்குவது யாருடைய எஞ்சின் என்பதையும் நாடாளுமன்றம் கேட்டாக வேண்டும்.