எந்த லினக்ஸைத் தேர்ந்தெடுப்பது?



"லினக்ஸில் எத்தனையோ வகைகள் உண்டாமே; அவற்றுள் எது சிறந்தது?" என்று என்னைக் கேட்பவர் பலர். "எந்த வண்டி சிறந்தது?" என்று கேட்பது போன்றதே இவ்வினா. நெல் மூட்டை ஏற்றவா, நால்வர் ஊருக்குப் போகவா என்று தெரிந்தாலன்றி விடை கூற இயலாது. லினக்ஸிலும் அப்படியே. செய்யவேண்டிய வேலையை முதலிலும், லினக்ஸின் பெயரைக் கடைசியிலும் வைத்து எண்ணுதல் வேண்டும்.

இவ்வினாவுக்கு இன்று ஓர் அவசரமும் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11, பழைய கணிப்பொறிகள் பலவற்றை ஏற்பதில்லை. அக்காள் படித்து முடித்துக் கொடுத்த மடிக்கணினியை வைத்திருக்கும் மாணவர், நன்றாய் இயங்கும் பொறியை ஒதுக்கிவிட்டுப் புதியதற்குப் பணம் தேடவேண்டுமா? பெரும்பாலும் வேண்டியதில்லை. லினக்ஸ் அதற்கு மறுவாழ்வு தரும். ஆனால் ஆராயாமல் மாற்றினால், தேர்வு நேரத்தில் திண்டாட நேரும்.

லினக்ஸ் என்பது யாது? 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், கணிப்பொறியின் உறுப்புகளை ஆளும் கருநிரல் ஒன்றை எழுதி வெளியிட்டார். அதுவே லினக்ஸ். கரு மட்டும் இருந்தால் நமக்குப் பயனில்லை. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகள், திரைத்தோற்றம், எழுதவும் படிக்கவும் உதவும் மென்பொருள்கள் ஆகியவற்றை அதனுடன் சேர்த்துக் கட்டித் தருதல் வேண்டும். இந்தக் கட்டுக்கே 'வழங்கல்' என்று பெயர். 1993இல் தொடங்கிய டெபியன் அவற்றுள் மூத்த ஒன்று. அதிலிருந்து 2004இல் உபுண்டு பிறந்தது. உபுண்டுவிலிருந்து லினக்ஸ் மின்ட் பிறந்தது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்பதும் டெபியன் குடும்பத்தைச் சேர்ந்ததே.

எல்லாவற்றிலும் கரு ஒன்றுதான் என்றால் வேறுபாடு எங்கே? முதன்மையான வேறுபாடு காலத்தில் உள்ளது. ஃபெடோரா ஏறத்தாழ ஆறு திங்களுக்கு ஒரு முறை புதுப்பதிப்பு வெளியிடும். ஒவ்வொன்றையும் ஏறக்குறைய 13 திங்கள் காக்கும். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு ஈராண்டுக்கு ஒரு முறை வரும். ஐந்தாண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் பெறும். ஆர்ச் என்பதற்கோ பதிப்பு என்பதே இல்லை. நாள்தோறும் மாறிக்கொண்டே இருக்கும். புதுமையை ஆராய்பவருக்கு அது இன்பம். நாளை கட்டுரை ஒப்படைக்க வேண்டியவருக்கு நிலைத்த தன்மையே தேவை. எனவே, தொடக்க மாணவர்க்கு மின்ட் அல்லது உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பையே நான் பரிந்துரைப்பேன்.

இனி மென்பொருளுக்கு வருவோம். விண்டோஸுக்கென எழுதிய மென்பொருள் லினக்ஸில் நேரே இயங்காது. கோப்பைத் திற, திரையில் எழுது என்று ஒரு மென்பொருள் இயக்க முறைமையிடம் வேண்டும் முறை இரண்டிலும் வெவ்வேறு. ஆகவே, நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள்களை ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே, லினக்ஸில் அதுவே உண்டா, ஈடான வேறொன்று உண்டா, ஒன்றுமே இல்லையா என்று குறியுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் விஎல்சியும் அப்படியே கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுக்கு ஈடாக லிப்ரெஆஃபீஸும், ஃபோட்டோஷாப்புக்கு ஈடாக கிம்ப்பும் உண்டு. வைன் என்னும் கருவி விண்டோஸ் மென்பொருளின் வேண்டுகோளை லினக்ஸுக்கு மொழிபெயர்த்துத் தரும். ஆனால் எல்லா மென்பொருளும் அதில் செவ்வனே இயங்கும் என்று நம்புதல் கூடாது.

ஒரே வகை மடிக்கணினியுடன் இரு மாணவியர் என்னிடம் வந்தனர். தமிழிலக்கியம் பயில்பவருக்கு எழுதுவதும் படிப்பதுமே வேலை. முழுதும் லினக்ஸுக்கு மாறலாம் என்றேன். கட்டடப் பொறியியல் பயில்பவருக்கு ஆட்டோகேட் இன்றியமையாதது. அது லினக்ஸுக்கென வெளியிடப்படுவதில்லை. விண்டோஸை அழிக்காமல், இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ளச் சொன்னேன். பொறி ஒன்றே, விடை இரண்டு. இணையவழித் தேர்வுக்குச் சில கல்லூரிகள் கேட்கும் மென்பொருளையும் முன்கூட்டியே விசாரித்தல் நலம்.

மென்பொருளை முன்பின் அறியாத தளங்களில் தேட வேண்டாம். ஒவ்வொரு வழங்கலுக்கும் தனிக் களஞ்சியம் உண்டு. அதிலிருந்து ஒன்றைக் கேட்டால், அதற்குத் துணையானவற்றையும் சேர்த்துத் தரும். பின்னர் திருத்தங்களையும் கொணரும். வெளியிலிருந்து பெற நேர்ந்தால், உபுண்டுவும் மின்டும் ஏற்பது 'டெப்' பொதி, ஃபெடோரா ஏற்பது 'ஆர்பிஎம்' பொதி என்பதை நினைவில் கொள்க.

நிறுவுமுன் சோதித்துப் பார்க்கவும் வழியுண்டு. வழங்கலைப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணிப்பொறியைத் தொடங்கலாம். உள்ளிருக்கும் விண்டோஸுக்குத் தீங்கில்லை. வைஃபை கிடைக்கிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப்பொறி இயங்குகிறதா, தமிழில் தட்டெழுத முடிகிறதா என்று பாருங்கள். மின்ட் இயங்க 2 ஜிபி நினைவகம் வேண்டும். 4 ஜிபி இருந்தால் நன்று. நினைவகம் குறைந்த பொறிக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருந்தும்.

இத்தனைக்கும் பின் நிறுவ முடிவு செய்தால், உங்கள் பாடக்குறிப்புகளையும் படங்களையும் முதலில் வேறோரிடத்தில் படியெடுத்து வையுங்கள். நிறுவும்போது தவறான ஒரு விடையைச் சொடுக்கினால் வட்டு முழுவதும் அழிந்துபோகும். படியெடுத்தவற்றைத் திறந்து பார்த்துச் சரியாயிருப்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே தொடங்குங்கள்.