கொடையும் கடமையும்

பெருங்கொடை ஒன்று மக்களின் நலத்தை என்றும் காத்துவிடுமா? ஒரு வரலாற்றைக் காண்போம்.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் கொக்கிப்புழு நோய் ஏழை மக்களின் குருதியை உறிஞ்சி, அவர்களை நலிவுறச் செய்தது. அதனை ஒழிக்க 1909-ஆம் ஆண்டில் ஜான் டி. ராக்பெல்லர் 10 லட்சம் டாலர் அளித்தார். அப்பொருளால் அமைந்த சுகாதாரக் குழு, 11 மாநிலங்களில் பணியாற்றியது. மருத்துவ முகாம்களில் மருந்து இலவசமாக வழங்கப்பட்டது. ஆயினும் செலவில் ஒரு பங்கை அவ்வம்மாவட்ட மன்றங்களே ஏற்குமாறு குழு வேண்டிற்று.

காரணம் யாது? மருந்துண்டு தேறியவன், மலம் கலந்த மண்ணை வெறுங்காலால் மிதிப்பின் நோய் மீண்டும் பற்றும். கழிப்பிடம் கட்டுதலும் பேணுதலும் ஊரார் கடமை அன்றோ?

குழுவின் பணி சில ஆண்டுகளில் முடிவுற்றது. நோய் முற்றிலும் ஒழியவில்லை. எனினும் மாநிலச் சுகாதாரத் துறைகள் வலுப்பெற்றன. கொடை விளக்கை ஏற்றும். அணையாமல் எண்ணெய் வார்ப்பது ஊராரின் பொறுப்பு.